இரண்டு விரல் வாய்

திருக்கடலூர்ப் பிலேந்திரனின் கன்னத்திலிருந்து
மிளகளவு சதை
போமலின் போத்தலுக்குள் வந்து சேர்ந்தது.
படிவத்தில் வைத்தியரின் அவசரக் கையெழுத்து:
வாய் திறக்கும் அளவு, இரண்டு விரல்.
பாக்கு, இருபத்தாறு வருசம்.

ஆளைக் காலையில் கண்டனான்.
பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவர்,
நகக்கண்ணில் ரெசின் காய்ந்திருந்தது.
மனைவி பிளாஸ்கில் கஞ்சி வைத்திருந்தார்,
ஒரு உறிஞ்சு குழாயும்.

போமலினும் கட்டுகிற சாமான்தான்.
புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும்.
கட்டாவிட்டால் அழுகும்,
எதையும் பார்க்கவே முடியாது.
மெழுகில் புதைத்து வெட்டத் தொடங்கினேன்.
நல்ல கன்னம் வெங்காயத் தோல்போல உரிந்து வரும்.
இது பிளேட்டைக் கரகரக்க வைத்தது.
கட்டையைத் திருப்பினதில்
என் பெருவிரல் கிழிந்தது.

குழாயடியில் நின்று ஆறு நிமிடம் எண்ணினேன்.
அதற்குள் என் விரலில்
ஒரு நொதியம் வேலைக்கு வந்திருந்தது.
குருதியின் நார்கள் முதலில்
மணலில் குவித்த கரைவலைபோலச் சும்மா கிடக்கும்.
இது வந்து
ஒரு நாரின் குளூட்டமினையும்
அடுத்ததின் லைசினையும் பிடித்துத் தைக்கும்.
தையலுக்கு ஒரு மூலக்கூறு அமோனியா கழன்று போகும்.
கருவாட்டு வாடியில் மூக்கைப் பொத்த வைக்கிற
அதே அமோனியா;
இங்கே எவர் மூக்குக்கும் எட்டாது.

டிரான்ஸ்குளூட்டமினேஸ்.
பரீட்சைக்காக எழுத்துக்கூட்டிப் படித்த பெயர்.
அந்தக் குடும்பத்தில் இன்னொன்று
கலத்துக்குள்ளேயே குடியிருக்கிறது.
மற்ற நாட்களில் கையை மடக்கிக் கிடக்கும்.
சாகிற கலத்துக்குள் கல்சியம் பாயும்போது
கை விரித்து எழும்பி
உள்ளே உள்ளதை எல்லாம் இறுக்கிக் கட்டும்,
அயல்கலங்களின் மேல் ஒன்றும் ஒழுகாதபடி.
செத்தவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்து,
தாடையைத் துணியால் தூக்கிக் கட்டுகிறவரின் நிதானம் அதற்கு.

உயிரோடு இருக்கிறவரின் தாடையை
ஏன் கட்டியது?

இரவுக் கடலில் நித்திரை வராமல் இருக்க
அதக்கிய பாக்கு
அந்த நொதியத்தைக் கூட்டிவிடுகிறதாம்.
தையலின் மேல் தையல்,
கன்னம் தோலாகி, வாராகி.
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயம் ஏற்றிப் பார்த்தேன்
(கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆள்,
ஆனாலும் பார்க்காமல் விட முடியவில்லை).
தழும்பு நார்களுக்கு நடுவில் தீவு தீவாய்
வரம்பு தாண்டிய கலங்கள்.

சில புற்றில் அது கலத்தைச் சாக விடும்.
சிலதில் மருந்துக்கு முன்னால் மதிலாக நிற்கும்.
சிலதில் கலத்துக்கு வழிச்செலவு கொடுத்து
நுரையீரலுக்கு அனுப்பும்.
இவரில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று
எங்கள் லாபில் பார்க்க வசதி இல்லை.
அறிக்கையில் அதற்கென்று ஒரு வரியும் இல்லை.
அதைத் தடுக்கும் மருந்துகள் இன்னும்
எங்கேயோ எலிகளோடு நிற்கின்றன.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
கடித உறையில் மகரகம என்று எழுதியிருந்தது.
பல்லிடுக்கால் கேட்டார்:
"கல்லு மாதிரிக் கிடக்குப் பிள்ளை.
ஹாட்னர் கூடிப்போச்சோ?"
அப்படித்தான் கிட்டத்தட்ட, என்றேன்.
மிச்சம் டொக்டர் சொல்லுவார்.

"கூடினால் வெடிக்கும்," என்றார்.
"சுரண்டி எடுத்துப்போட்டு
திரும்பப் போட வேணும்."

ஒன்பது மணிக்குக் கொழும்பு பஸ்.
மனைவி பிளாஸ்கைக் கழுவப் போனார்.
வெளியே புள்ளிமானொன்று
ஆரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை மென்றுகொண்டிருந்தது,
வாயை நன்றாகத் திறந்து.

அவர் அதைப் பார்க்கவில்லை.
எங்கள் கவுண்டரின் மேல்தட்டில் ஓடிய வெடிப்பை
நகத்தால் அளந்து பார்த்தார்,
ஒரு முறை, திரும்ப ஒரு முறை.
"அரைக் கிலோ ரெசின் போதும்.
வந்து ஒட்டித் தாறன்."